பாறையில் அடித்தும் உடையாத போன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்தேன். வெட்கம்தான் காரணம். ஈசன் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

நான் குருவிட்ட பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டுகிறவன். என் பழைய போன்கள் எல்லாம் மழையில் போய்விட்டதால், கொழும்பில் வேலை செய்கிற மகன் ஒரு முரட்டுப் போன் வாங்கித் தந்தான். செங்கல் கனம். "தண்ணியில முக்கினாலும் சாகாதுப்பா" என்றான். என் விரலை வைத்தால் திறக்கும். ஆனால் கத்தி கீறி, பால் காய்ந்து தேய்ந்த விரலாச்சே, பத்துத் தடவைக்கு ஒரு தடவைதான் திறக்கும். இல்லாவிட்டால் நம்பர் அடிக்கணும். அந்த நம்பரை எழுதி வீட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தேன்.

அந்த மாசியில் நானும் மனைவியும் சிவனொளிபாத மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவாள். அவளுக்கான பிஸ்கட் என் பையில்.

ஓடைக்கரையில் நாலு பேருக்கு முன்னால் போனைத் தண்ணீரில் முக்கி முக்கிக் காட்டினேன்.

"போனுக்குத் தீர்த்தமாட்டுறீங்களா? ஆட்டிட்டு வாங்க, நான் மெதுவா போறேன்" என்று அவள் நடந்துவிட்டாள்.

பிடித்தது மழை. ஓட்டமாய் இறங்கினேன், ஆளைக் காணோம். அவள் சாப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. அவளிடம் ஒரு பட்டன் போன் உண்டு, கூப்பிடலாம் என்று விரலை வைத்தேன். துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன். கொஞ்சம் பொறுத்து முயற்சி செய்யணுமாம், போன் சொல்கிறது! திறக்கிற நம்பரோ வீட்டில் சாமி படத்துக்குக் கீழே.

வழியில் போனவர் தன் போனை நீட்டினார். "நம்பர் சொல்லுங்க அண்ணே."

"அதுவும் இதுக்குள்ளதாங்க இருக்கு."

வந்த கோபத்தில் அதைப் பாறையில் ஓங்கி அடித்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்து இன்னும் எரிச்சல்.

பிறகு, "நமப் பார்வதீ பதயே!" என்று கத்திக்கொண்டே திரும்ப மேலே ஏறினேன். அதைக் கேட்டுவிட்டு அவள் பதில் குரல் கொடுக்காமல் இருக்கமாட்டாள். மழையில் நான் பார்க்காமல் தாண்டி வந்த தேத்தண்ணிக் கடையிலிருந்து மெலிசாக வந்தது: "அரகர மகாதேவா!"

"அம்மா மெஹெ இன்னவா", அம்மா இங்கேதான் இருக்கிறார் என்று உள்ளே கை காட்டினாள் கடைக்காரச் சிங்கள அம்மா. மயங்கப்போனவளைப் பிடித்து உட்காரவைத்து, கித்துள் பனைக் கருப்பட்டி கொடுத்திருந்தாள்.

"போன் குளிச்சிருச்சா?" என்று கேட்டாள் என் மனைவி. நான் அழுதேவிட்டேன்.

இப்போது தோட்டத்தில் அந்தப் போன்தான் அவளைக் காப்பாற்றியது என்று கதை நடக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். அந்த அம்மா கொடுத்த கருப்பட்டியை விட்டுவிடாதீர்கள். போன் உதவியது என்று மட்டும் தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள்.