தெருவுக்குத் தெரியாத கல்யாணம்

சட்டப்படி நான் மனைவி. தெருவுக்கு நான் கல்யாணமாகாத பெண். 2008 ஆடியிலிருந்து மார்கழி வரை இந்த இரண்டு வேஷத்தையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு சிதம்பரத்தில் பயந்து பயந்து வாழ்ந்தேன்.

மாப்பிள்ளைக்குக் கடலூர். வேலை ஜெர்மனியில், ஒரு இயந்திரத் தொழிற்சாலையில். கோடையில் தொழிற்சாலையை மூன்று வாரம் மூடுவார்கள், அப்போதுதான் அவருக்கு நீண்ட லீவு. அந்த மூன்று வாரமும் அப்படியே ஆடியில் வந்து விழுந்தது. ஆடியில் தாலி கட்டுகிற வழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் இல்லை. ஆனால் திருமணச் சான்றிதழ் இல்லாமல் மனைவிக்கான விசாவுக்கு மனுவே போட முடியாது. தையில் தாலி கட்டிவிட்டு அப்புறம் மனு போட்டால் அடுத்த ஆடியும் வந்துவிடும் என்றார் அப்பா. ஆகவே கடலூர் முதுநகரில் ஒரு சின்ன அம்மன் கோயிலில், இரண்டு வீட்டிலும் சேர்த்து ஒன்பது பேர் முன்னால் மாலை மாற்றி மோதிரம் போட்டுக்கொண்டோம். சட்டத்துக்கு அது போதும். பதிவும் ஆயிற்று. தாலி மட்டும் தைக்குத் தள்ளிப்போனது.

"தாலி ஏறுற வரைக்கும் இது வெறும் பேப்பர்தான். தெருவுல யாராண்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள் அம்மா.

ஆடியில் மாலை மாற்றியவள் என்று பேசுவார்களே என்பது அவள் சொன்ன காரணம். விசா கிடைக்காமல் மாப்பிள்ளை வீட்டார் மனசு மாறிவிட்டால், கட்டினவளா கட்டாதவளா என்று தெரியாமல் பெண் நிற்பாளே என்பது அவள் சொல்லாத காரணம். சொல்லாததுதான் எனக்கு நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அந்த நாட்டு விதிகள் அடங்கிய தாளை அப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மனைவி கிளம்புவதற்கு முன்பே ஜெர்மன் மொழியில் ஒரு பரீட்சை தேற வேண்டும். குடியிருக்கப் போகிற வீடு ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் இருக்க வேண்டும். மாப்பிள்ளை தன் அறையை டேப் வைத்து அளந்து, பீரோ நிற்கிற இடத்தையும் சேர்த்தால் தேறிவிடும் என்று போனில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பீரோவால் என் வாழ்க்கை நின்றுபோகுமோ என்று பயந்தேன். கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கப் போகிறாள் என்று தெருவில் சொல்லிவிட்டு, சென்னையில் சித்தி வீட்டில் தங்கி ஜெர்மன் படித்துத் தேறினேன்.

கார்த்திகையில் சென்னையில் ஜெர்மன் தூதரக அலுவலகத்தில் மனு கொடுத்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மாலை மாற்றிய போட்டோவையும் என் வெறும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தாலி தையில்தான் என்றேன். ஏதோ நீளமாக எழுதிக்கொண்டார். பிறகு, சான்றிதழ்கள் உண்மைதானா என்று விசாரிக்க ஒரு வக்கீல் ஊருக்கு வருவார், வரும் நாளைச் சொல்ல மாட்டோம், பொய் என்று பட்டால் விசா கிடையாது என்றார். பொய் சொல்லாதவளுக்கே அதைக் கேட்டு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அன்றிலிருந்து வாசலில் பைக் நின்றால் எனக்குத் திக்கென்றது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பா எங்களுக்குப் பரீட்சை வைத்தார். மாலை மாற்றியது என்ன கிழமை, யார் யார் இருந்தார்கள், மாப்பிள்ளையின் தம்பி என்ன படிக்கிறான். அம்மா ஒரு தடவைகூடக் கிழமையைச் சரியாகச் சொன்னதில்லை. வக்கீல் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் பாருங்கள், அதுதான் எங்கள் முட்டாள்தனம்.

மார்கழியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அப்பா வேலைக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு அத்தை முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார். உறவில்லை. ஆனால் என் காதுகுத்திலிருந்து எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முன்னால் நின்றவர் அவர்தான்.

"ஒருத்தர் வந்து இவளப் பத்தி விசாரிச்சாரு. கல்யாணம் ஆச்சான்னு கேட்டாரு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஆம்பளைங்கள ஏறெடுத்துப் பாக்காத பொண்ணுன்னேன். இஸ்திரிக்காரம்மாவும் அதையேதான் சொல்லிச்சு. வயசு கேட்டாரு, ரெண்டு கொறச்சே சொல்லியிருக்கேன்."

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் தெருவில் வந்து ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தால் வரன் பார்க்கிறார் என்றுதான் அர்த்தம். அப்போது அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது அக்கம்பக்கத்தார் கடமை. அத்தை அந்தக் கடமையைக் குறையில்லாமல் செய்திருந்தார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரி யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

நாங்கள் வாய் திறப்பதற்குள் விசாரித்தவரே வந்து கதவைத் தட்டினார். ஐம்பது வயது இருக்கும், கையில் தோல் பை, பேச்சில் மரியாதை. வரன் பார்க்க வந்தவர் என்ற நினைப்பில் அத்தை என் பின்னால் நின்று அவசர அவசரமாக என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். வக்கீல் எங்கள் சான்றிதழின் நகலை எடுத்து மடியில் வைத்தார்.

"ஆடியிலயே கல்யாணம் ஆயிடுச்சுன்னு இதுல இருக்கு. ஆகலன்னு தெருவுல சொல்றாங்க. நான் எதைம்மா எழுதறது?"

என் தலையில் இருந்த அத்தையின் கை நின்றுபோனது.

ஆல்பத்தை எடுத்து நீட்டினேன். வக்கீல் அதைப் புரட்டிவிட்டு, இதில் இந்தத் தெருக்காரர் யார் என்று கேட்டார். யாருமில்லை. மறைத்துச் செய்த கல்யாணமும் பொய்யாகச் செய்த கல்யாணமும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, வருத்தமாகச் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. எழுந்து வாசலுக்குப் போனேன்.

"எனக்கு ஆடியிலயே கல்யாணம் ஆயிடுச்சு. கடலூர்ல. எங்க வீட்டுக்காரரு ஜெர்மனில இருக்காரு" என்று தெருவைப் பார்த்துச் சொன்னேன். இஸ்திரிக்காரம்மா பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

உள்ளே திரும்பியபோது வக்கீல் அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. அத்தை என் கழுத்தை வெகுநேரம் பார்த்தார். 'எனக்குத் தெரியாது' என்று அவர் உண்மையைச் சொன்னாலே போதும், நான் தொலைந்தேன்.

"இந்தப் பொண்ணு பொய் சொல்லி நான் கேட்டதில்லங்க. ஆயிடுச்சுன்னு சொன்னா ஆயிடுச்சுதான். வயசுலயும் ரெண்டு சேத்து எழுதிக்குங்க."

அம்மா போட்ட காபியைக் குடிக்காமல் அத்தை தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வக்கீல் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. ஐந்து வாரம் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் கோலம் போடும்போதுகூட அத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தை இரண்டாவது வாரத்தில் விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. அதையும் எங்கள் கல்யாணப் பத்திரிகைகளில் முதலாவதையும் எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் ஓடினேன்.

பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டைத் தள்ளிப் பிடித்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"எங்கயோ இருக்கற ஜெர்மனிக்காரனுக்கு முதல்ல தெரிஞ்சிருக்கு. எதிர்வீட்டுல இருக்கறவளுக்குச் சொல்ல ஆறு மாசமாடி?"

கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார். பத்திரிகை அவர் மடியிலேயே இருந்தது.