வாங்க, ஒட்டுக்காப் போலாம்

இடது கையில் கைப்பேசி, வலது கையில் சாக்பீஸ். தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுச் சுவரில் 'பாலி' என்று எழுதியிருந்ததை உள்ளங்கையால் அழித்துவிட்டு, அதே இடத்தில் 'இலங்கை' என்று எழுதுகிறார் சுரேந்தர். இரண்டடி பின்னால் போய் நின்று பார்க்கிறார். முன்னால் வந்து, கீழே 'நாலு ராத்திரி, அஞ்சு பகல்' என்று சேர்க்கிறார். அதற்குள் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் சத்தம் மாறிவிடுகிறது. ஓடிப்போய் வால்வைத் திருகி, அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த அளவையும் இலங்கைக்குப் பக்கத்திலேயே குறித்துவைக்கிறார். பம்பை எடுத்துப் போக வந்தவர் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு முழிக்கிறார்.

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அவர் பட்டறை. சுற்றுவட்டாரத்துச் சின்னப் பட்டறைகளில் செய்கிற மோட்டார் பம்புகள் இங்கே வந்து ஓடிக் காட்ட வேண்டும். எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று சுரேந்தர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பம்பு பெட்டிக்குள் போகும். ஆளுக்கு நாற்பத்து மூன்று வயது. உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. டீயை நின்றுகொண்டே குடிப்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போய்விடுவார். சித்தெ உக்காருங்க என்று யாராவது சொன்னால், "உக்காந்தா ரோசனை நின்னுபோயிருதுங்க" என்பது பதில்.

தை மாதத்திலிருந்து அவருக்கு ஒரே ரோசனைதான். தீவு. வெயிலும் நீலத் தண்ணீருமாக, கையைக் கடிக்காத விலையில் ஒரு தீவு. புருசனும் பெண்டாட்டியும் மட்டும் போய்விட்டு வர.

இதைக் கேட்டது அவர் மனைவி மோகனப்பிரியா. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அநேகமாக இது ஒன்றுதான். காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான ஒன்பதாம் நாள் இருவரும் ஊட்டிக்குத் தேனிலவு போனார்கள். கூடவே ஒன்பது பேர் போனார்கள். லாட்ஜில் மூன்று அறை எடுத்தார்கள். ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு ஒன்று. அதற்குப் பிறகு மூணாறு, கொடைக்கானல், குருவாயூர் என்று எங்கே போனாலும் வேன்தான். சுரேந்தர் வழி சொல்வதற்காக டிரைவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். மோகனப்பிரியா கடைசி சீட்டில், புளிச்சோற்றுத் தூக்கையும் யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு வருவார். மகள் லாஸ்யா ஒன்பதாவது படிக்க விடுதிப் பள்ளிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. பொங்கல் கழிந்து பாத்திரங்களை மேலே ஏற்றிவைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம் சொல்லிவிட்டார்.

"நமக்குன்னு ஒரு நாளு கூட ஊரு போனதில்லீங்க. இந்த வாட்டி நீங்களும் நானும் மட்டும். மூணாவதா ஒரு ஆளு வந்தா நான் வர்லீங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. பவானியில் சொல்லிவைத்து ஒரு ஜமக்காளம் வாங்கினார். வேனில் கொண்டு போகிற, இருபது பேர் உட்காருகிற பெரிசு இல்லை. இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்தால் சரியாக இருக்கும். கடற்கரை மணலில் விரிக்க. அதைப் பார்த்ததும் சுரேந்தருக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. அன்றைக்கே சாக்பீஸை எடுத்துவிட்டார்.

மனுஷனிடம் எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, நாக்கு ஒன்றைத் தவிர. எங்கள் பக்கத்தில் மரியாதை நாக்கிலேயே ஊறிக் கிடக்கிறது. சாப்பிடும்போது யார் வந்தாலும் 'வாங்க சாப்பிடலாம்' என்போம். வந்தவர், 'இப்பத்தான் ஆச்சுங்க' என்பார். கூப்பிட்டவருக்கும் தெரியும், வந்தவருக்கும் தெரியும். சட்டியில் இருப்பது ஒரு ஆளுக்குத்தான். ஆனால் ஊருக்குக் கூப்பிட்டால்? 'இப்பத்தான் போயிட்டு வந்தேனுங்க' என்று எவன் சொல்வான்? சுரேந்தருக்கோ, போகிற இடத்தைச் சொல்லி முடித்ததும், சேர்ந்தே வரச் சொல்லும் அடுத்த வார்த்தை தானாக வந்துவிடும். "வாங்க, ஒட்டுக்காப் போயிட்டு வந்தரலாம்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்றே அவருக்கு உறைக்கும்.

முதலில் சுவரில் ஏறியது மாலத்தீவு. தண்ணீர் மேல் கட்டிய குடிலில் ஒரு ராத்திரி தங்குகிற காசுக்கு இரண்டு மோட்டார் வாங்கலாம் என்று தெரிந்ததும் அதை அவரே அழித்துவிட்டார். அந்த ஒரு தீவுதான் விலைக்காகப் போனது. மற்றதெல்லாம் வாயால் போனது.

பாலியைப் படித்தவர் அடுத்த தெருவில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் சீனிவாசலு. சுவரைப் பார்த்து என்னவென்று கேட்டார். சுரேந்தர் சொன்னார், சொன்ன கையோடு ஒட்டுக்காப் போகவும் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் காலையில் சீனிவாசலு இரண்டு பாஸ்போர்ட் நகலோடு வந்து நின்றார். அவர் வீட்டம்மா பூப்போட்ட தொப்பி வேறு வாங்கியாயிற்று. சுரேந்தர், விமானக் கட்டணம் திடீரென்று ஏறிவிட்டதாக ஒரு பொய் சொன்னார். பாலி அழிந்தது.

இலங்கை பதினோரு நாள் தாக்குப்பிடித்தது. கிணத்துக்கடவில் ஒரு காதுகுத்தில், தோப்புக்காரரான பொங்கியண்ணன் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இவருக்கு இலை போட்டுவிட்டார்கள். ரசம் வருவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. அங்கே கதிர்காமம் இருக்கிறதல்லவா என்று பெரியப்பா கேட்டார். இருக்கிறது, வாங்க, ஒட்டுக்காப் போகலாம் என்றது நாக்கு. நாலாம் நாள் பெரியப்பாவிடமிருந்து போன். "ஏழு பேத்துக்கு பாஸ்போர்ட்டு எழுதிக் குடுத்தாச்சு கண்ணு. நடக்கறது செரமம்னு உங்க பெரியம்மா மட்டும் ரோசனை பண்றா." இலங்கையும் அழிந்தது.

ஊரில் எல்லாருக்கும் இவர் எதிலும் நிலைகொள்ளாத ஆளாகத் தெரிந்தார். விலைக்குப் பயந்து தீவு தீவாகத் தாவுகிறார் என்று பேக்கரியில் பேசிக்கொண்டார்கள். அவர் தாவியது எதற்குப் பயந்து என்று அவருக்கு மட்டும்தானே தெரியும். கூப்பிட்ட வாயால் வராதீர்கள் என்று சொல்ல முடியவில்லை. அதைவிட, அந்தத் தீவையே விட்டுவிட்டு ஓடுவது சுலபமாக இருந்தது.

அந்தமானில்தான் ஓட்டம் முட்டி நின்றது. இந்தத் தடவை கேட்டது மோகனப்பிரியாவின் தம்பி தீபக். சுரேந்தர் வழக்கம்போலக் கூப்பிட்டார். தீபக் சுறுசுறுப்பான பையன். 'அந்தமான் போலாமா' என்று கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினான். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். புளிச்சோறு விமானத்தில் விடுவார்களா என்று ஒரு சித்தி கேட்டிருந்தார். சொந்தபந்தம், ஒரம்பரை மொத்தத்தையும் சேர்த்த தீபக், அக்காவை மட்டும் விட்டுவிடுவானா?

மறுநாள் காலையில் தோசை வைத்துக்கொண்டே மோகனப்பிரியா சொன்னார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சுரேந்தர் சமாளித்திருப்பார்.

"ஏனுங்க, பத்தொம்பது பேரு ஆயிருச்சாமா. நல்லபடியாப் போயிட்டு வாங்க. எனக்கு மட்டும் டிக்கெட்டுப் போடாதீங்க. ஊடு பாத்துக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்க."

சட்னியை ஊற்றிவிட்டு உள்ளே போனார். நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. சுரேந்தர் எட்டிப் பார்த்தார். அந்தச் சின்ன ஜமக்காளத்தை மடிப்புக் கலையாமல் பீரோவின் மேலே ஏற்றிவைத்துக்கொண்டிருந்தார் மோகனப்பிரியா. சுரேந்தருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பதினாறு வருஷத்தில் ஒன்றே ஒன்று கேட்டவரை ஊரோடு சேர்ந்து ஏமாற்றுகிறோம் என்று புரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கை கழுவ எழுந்து போகாமல் காலித் தட்டுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கோட்டைமேட்டில் கரீம் பாய் பயண அலுவலகம் வைத்திருக்கிறார். உம்ரா யாத்திரைக்கு ஆள் அனுப்புவது முக்கியத் தொழில், சுற்றுலா பக்கத் தொழில். பாலிக்கும் இலங்கைக்கும் அந்தமானுக்கும் விலை விசாரித்துக் கொடுத்தவர் அவர்தான். சுரேந்தர் அன்றைக்கு அங்கே போய், உட்காராமல் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே, முதலிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல் சொன்னார். வேறு ஏதாவது மலிவான தீவு இருக்கிறதா என்று முடித்தார்.

கரீம் பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், தீவுல ஒரு குத்தமும் இல்லீங்க. நீங்க வாயத் தொறக்கறதுக்கு முந்தி எல்லாத் தீவும் நல்லாத்தானுங்க இருந்துச்சு."

பிறகு ஒரு விண்ணப்பத் தாளை எடுத்துப் போட்டார். லட்சத்தீவு. கொச்சியிலிருந்து கப்பல். மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்விட்டு வந்தால் செலவும் அடக்கம். ஆனால் அனுமதிச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் மட்டும்தான் தீவில் கால் வைக்க முடியும். இரண்டு பெயர் எழுதினால் இரண்டு பேர்தான். "சீட்டு வாரதுக்குப் பதினஞ்சு நாளு ஆவுமுங்க. அது வரைக்கும் செவுத்துல எழுதிப்போடாதீங்க" என்றார்.

சுரேந்தர் அங்கேயே நின்றுகொண்டு பெயர்களை நிரப்பினார். மோகனப்பிரியாவின் பெயரை முதலில் எழுதினார். வெளியே வந்து தீபக்கின் குழுவில் ஒரு வரி போட்டார். 'அந்தமான் இல்லீங்க. மன்னிக்கோணும்.' விமானக் கட்டணம், மழை, புயல் எதையும் துணைக்கு அழைக்கவில்லை. தீபக் நாலு நாள் பேசவில்லை.

அந்தப் பதினைந்து நாளும் அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! தொட்டிச் சுவரில் பம்பின் அளவுகள் மட்டும் இருந்தன. வருகிறவர்கள் எல்லாரும் இப்போது எந்தத் தீவு என்று கேட்டார்கள். கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, கிராம்பு ஒன்றை வாயில் போட்டு அழுத்திக் கடித்துக்கொள்வார். காரம் நாக்கில் ஏறினால் வார்த்தை இறங்கிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பல்வலி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். சீனிவாசலு நல்ல டாக்டர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். பெரியப்பா கிணத்துக்கடவிலிருந்து ஆள் மூலம் வேப்பங்குச்சிக் கட்டு ஒன்று அனுப்பிவைத்தார். மோகனப்பிரியா மட்டும் எதுவும் கேட்கவில்லை. தீவைப் பற்றிய பேச்சையே அந்த வீட்டில் விட்டுவிட்டார்.

சீட்டு வந்த அன்று சுரேந்தர் அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, கதவோரமாக ஒற்றைக்காலில் நின்றார். மோகனப்பிரியா கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். பெயர்களை மட்டும் இரண்டாம் முறை படித்தார். பின்பக்கம் திருப்பி, அங்கே வேறு பெயர் இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

சுரேந்தர் கிராம்பு டப்பாவைத் திறந்து காட்டினார். அடியில் இரண்டு கிராம்பு மட்டும் கிடந்தன. மோகனப்பிரியா சிரிக்கவில்லை. கெளம்பற அன்னிக்குப் பாக்கலாமுங்க என்று மட்டும் சொன்னார். அந்த நாக்கை அவருக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும்.

பங்குனியில் ஒரு காலை. கொச்சிக்குப் போகிற வாடகைக் கார் வாசலில் நின்றது. சின்ன ஜமக்காளம் சுருட்டிய பையோடு மோகனப்பிரியா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். சுரேந்தர் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டவும், நடைப்பயிற்சி முடித்துக்கொண்டு சீனிவாசலு எதிரே வரவும் சரியாக இருந்தது. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாதல்லவா? அதனால் முறைப்படி, "தூரமுங்களா சுரேந்தரு?" என்றார்.

கிராம்பு டப்பா பெட்டிக்குள் இருந்தது. மோகனப்பிரியாவின் கை கார்க் கதவின் பிடியில் இருந்தது. வண்டியை விட்டு இறங்குவதற்கு அவர் தயாராக இருந்தார் என்பது சுரேந்தருக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஆமாங்கண்ணா. லச்சத்தீவு. நாங்க ரெண்டு பேரு."

"அடடே, சொல்லவே இல்லீங்களே. எங்கூட்டுல அந்தத் தொப்பி இன்னும் அப்படியே கெடக்குதுங்க" என்றார் சீனிவாசலு. சொல்லிவிட்டு நின்றார். அடுத்த வார்த்தை சுரேந்தரிடமிருந்து வர வேண்டிய இடம் அது. பதினாறு வருஷமாக, எந்த வாசலிலும் வராமல் இருந்ததில்லை. சுரேந்தரின் உதடு பிரிந்தது.

"வா..." என்றார். என்றவர், "வாரேனுங்கண்ணா" என்று முடித்துக் கும்பிட்டார்.

சீனிவாசலு தலையாட்டிவிட்டு நடந்தார். டிரைவர் இறங்கி வந்து, டிக்கி காலியாகத்தான் இருக்கிறது, பெட்டியைக் கொடுங்கள் சார் என்று கை நீட்டினார். சுரேந்தர் கொடுக்கவில்லை. முன் கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்து சீட்டில் அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். பெல்ட்டை இழுத்து அதற்குக் குறுக்கே மாட்டினார். முன் கதவைச் சாத்திவிட்டுப் பின் கதவுக்கு வந்து, மோகனப்பிரியா உள்ளே நகர்ந்து இடம் விடும்வரை, அசையாமல் நின்றார்.