வாக்கிங் போன லட்சணம்

மகன் வாங்கிக் கொடுத்த ஷூவை இன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்தேன். குப்பென்று புது ரப்பர் வாசனை. "நெஞ்சுல லேசா அடைப்பு இருக்கு. உப்பைக் குறைங்க, தினமும் நடங்க" என்று டாக்டர் சொன்ன அன்றே வாங்கியது. மாதக்கணக்கில் ஏன் பெட்டியிலேயே கிடந்தது என்கிறீர்களா? சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

ரப்பர் வாசனை என்றாலே எனக்கு வாலிப வயதில் வேலை பார்த்த வாலிநோக்கம் உப்பளம்தான். நான் எடை போடுவேன். என் கூட்டாளி காதர், லாரியில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொள்வான். பஸ்ஸை விட்டு இறங்கினால் வெயிலில் ஒரே நடை, ரப்பர் செருப்பு இளகி நாறும். கஞ்சிக்குக் கருவாடு. தின்ற உப்பெல்லாம் வேர்வையில் போயிடும் என்று நம்பினோம். "ஒரு பைக்கு வாங்கிட்டேன்னா காலைத் தரையில வைக்க மாட்டேன் மாப்ள" என்பான். வளைகுடா போய்ச் சம்பாதித்து, பைக்கோடு எங்கள் ஊர் உச்சிப்புளிக்கே, என் தெருவுக்கே வந்து சேர்ந்தான்.

எங்கள் பக்கம் ஒருத்தன் நடந்து போனால் மற்றவனுக்குப் பொறுக்காது. "எங்கன போறீக? ஏறுங்க" என்று வண்டியை நிறுத்துவார்கள். ஏறாவிட்டால் கோபம் வேறு. எனக்கோ, நோயாளி என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று வெட்கம். அதனால் பழைய செருப்பும் தூக்குவாளியுமாக, பால் வாங்கப் போகிறவன் மாதிரி கிளம்புவேன். தெருமுனையில் காதர் வந்து நிற்பான். "ஏறு மாப்ள." ஏறிவிடுவேன். டீக்கடை, வடை, அரட்டை. முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வந்து, வேர்வை என்று மனைவியிடம் புளுகுவேன். மானங்கெட்ட பிழைப்பு!

போன மாதம் காதர் மௌத்தாகிவிட்டான். மாரடைப்பு. அடக்கம் முடிந்து திரும்பும்போது அவன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாப்பாவையும் டாக்டர் நடக்கத்தான் சொன்னாக மாமா. தனியா நடந்தா சீக்காளிம்பாகன்னு வெட்கம். 'மாப்ளகூட நடந்துக்கிறேன்'னு சொல்லித்தான் தினமும் பைக்க எடுப்பாக. ரெண்டு பேரும் நல்லா நடந்தீகதானே?"

"நடந்தோம்ப்பா" என்றேன். சீ, என்ன மனுஷன் நான்!

இன்று சாயங்காலம் யாரோ ஒரு பையன் எனக்காக வண்டியை நிறுத்தினான். "நெஞ்சுல அடைப்பு தம்பி, நடக்கணும்" என்றேன். "சரிங்கய்யா" என்று போய்விட்டான். அவ்வளவுதான் விஷயம். காதரிடம் இதைச் சொல்லியிருந்தால் அவனும் வண்டியை விட்டு இறங்கியிருப்பான். இப்போது சொல்ல வாய் வருகிறது, கேட்க அவன் இல்லை.