கோதுமை தொடாத கண்டக்டர்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த வருடம் காஜா பெராங்கில் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்தார்கள். தம்பிராஜா மட்டும் இளைத்துக்கொண்டே போனான். பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, சீனர் வீட்டு மாடியில் வாடகை அறை. அறையில் அடுப்பு மூட்டினால் சாமான் தெருவுக்கு வந்துவிடும் என்று வீட்டுக்காரி முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான்.

ஆள் மெலிந்ததற்குப் பெண் விவகாரம் என்றார்கள் ஊரில் பாதிப் பேர். செய்வினை என்றார்கள் மீதிப் பேர். இரண்டுக்கும் அவனிடம் வசதி கிடையாது. விஷயம் வயிற்றில் இருந்தது. எதைத் தின்றாலும் அரை மணியில் ஓட்டம். ஒருநாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஓடினான். பஸ்ஸில் இருந்த பெண்களெல்லாம் மரியாதையாக எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த மரியாதையை அவனால் தாங்க முடியவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

சீன டாக்டர் மலாயில் சொன்னார். "கோதுமை உனக்கு ஆகாது. ரொட்டி, மீ நூடுல்ஸ், பிஸ்கட், எதுவும் கூடாது. இப்போது தொண்ணூற்றெட்டு ராத்தல் இருக்கிறாய். ஒரு மாதம் கழித்து நிறுப்பேன். ஏறியிருந்தால் சரி. இறங்கியிருந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று உன் கம்பெனிக்கு எழுதிவிடுவேன்."

அன்றிலிருந்து பஸ் நிலையத்தில் கிடைக்கும் இருபது நிமிட ஓய்வில் கடை கடையாக ஏறி இறங்கினான். பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் சுட்ட கல்லிலேயே முட்டையும் பொரித்தார்கள். மீ கோரெங் கிண்டிய சட்டியிலேயே சோறும் கிண்டினார்கள். வெறும் சோற்றில் சோயாக் கீச்சாப் ஊற்றிச் சாப்பிடலாம் என்றால், அதிலும் கோதுமை உண்டு என்று சீனக் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"டேய், ஓட்டல்காரனெல்லாம் உன்னைப் பாத்தா சுகாதார இலாகான்னு நெனச்சு ஒளியிறான்டா!" என்று சிரித்தான் டிரைவர் தேவதாஸ்.

"சிரி. நாளைக்கு வேற கண்டக்டர் வருவான். அவன்கிட்டயும் சிரி."

தேவதாஸ் பஸ்ஸைக் கிளப்பினான்.

கடைசியில் பூங்காவனம் அக்காவின் தெருவோர ஒட்டுக்கடை கிடைத்தது. இட்லி, சட்னி, சாம்பார், மோர், அவ்வளவுதான்.

"அக்கா, கோதுமை ஏதாச்சும்..."

"எங்கிட்ட ஏதுப்பா கோதுமை? அரிசி, உளுந்து, பருப்பு. சந்தேகமா இருந்தா பானைக்குள்ள தலைய விட்டுப் பாரு!"

அவன் உண்மையிலேயே எட்டிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து எட்டு இட்லி தின்றான். தின்ற அரை மணியில் ஓடினான்.

பூங்காவனத்துக்கு மனசு கேட்கவில்லை. கட்டிப் பெருங்காயத்தைக் கொட்டைப்பாக்கு அளவு உடைத்து மோரில் கரைத்துக் கொடுத்தாள். "குடி தம்பி. வயித்துக்கு இதைவிட மருந்து இல்ல." மறுநாளும் ஓடியது, பெருங்காயம் கொஞ்சம் கூடியது. அதற்கு மறுநாள் இன்னும் கூடியது. மூன்று வாரத்தில் அவன் காற்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டான். கோதுமையை விட்டும் இப்படி என்றால் இது வேறு ஏதோ, சாகிற வியாதி என்று முடிவுகட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. தலையணை உறைக்குள் கூடப்பிறந்த அக்காள் வீட்டு முகவரியை எழுதி வைத்தான், பிணத்தை எங்கே அனுப்புவது என்று யாரும் திண்டாடக் கூடாதே என்று.

நிறுப்பதற்கு ஐந்து நாள் இருக்கும்போது பெருங்காயம் தீர்ந்துபோனது. வாங்கிவர அவனையே அனுப்பினாள் பூங்காவனம். மளிகைக் கடை ஏகாம்பரம் பின்கட்டில் கை முழுக்கப் பிசுபிசுப்போடு எதையோ பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே மாவு?"

"பெருங்காயம்தான்யா. சும்மா அப்படியே தின்னா நாக்கு பொத்துப்போயிடும். கோதுமை மாவு போட்டுப் பிசைஞ்சாத்தான் கட்டி நிக்கும். எல்லாக் கடையிலயும் இதான் வழக்கம். ஏன்யா உக்காந்துட்ட?"

அவன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். சாம்பாரில் பெருங்காயம். சட்னித் தாளிப்பில் பெருங்காயம். மோரில் கொட்டைப்பாக்கு அளவு.

விஷயத்தைச் சொன்னதும் பூங்காவனம் கரண்டியைப் போட்டாள். "அப்போ இத்தனை நாளா நான் விஷமாடா குடுத்தேன்?"

"நீங்க என்னக்கா செய்வீங்க..."

"வாயை மூடு. இனிமே உனக்குத் தனிச் சட்டி. அதுல நான் சொல்லாம ஒரு ஈகூட விழாது."

ஐந்து நாள் இட்லி, உப்பு, தேங்காய். ஆறாம் நாள் ஆஸ்பத்திரித் தராசில் ஏறினான். தொண்ணூற்று நான்கு. டாக்டர் ஒரு தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

தம்பிராஜா பையிலிருந்த பெருங்காயக் கட்டியை மேசைமேல் வைத்தான். டாக்டர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"இதில் கோதுமை இருக்கிறது டாக்டர். தெரியாமல் தினமும் தின்றேன். வயிற்றுக்கு மருந்து என்று தின்றேன். நிறுத்தி ஐந்து நாள்தான் ஆகிறது. நேற்று ஓடவில்லை. இன்றைக்கும் ஓடவில்லை. கடவுள்மேல் ஆணை."

டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே கட்டியைப் பார்த்தார், அவன் இடுப்புக் கயிற்றைப் பார்த்தார். பேனாவை மூடினார். "இன்னும் பதினைந்து நாள். அதற்குமேல் கிடையாது. முதலில் இதை வெளியே கொண்டுபோ."

அவன் கட்டியை எடுத்தான். போகவில்லை.

"டாக்டர், புளியில் கோதுமை இருக்குமா?"

"இருக்காது."

"மஞ்சள் தூளில்? மிளகாய்த் தூளில்? கடையில் அரைத்து விற்கிறார்களே, அதில்?"

டாக்டருக்குத் தெரியவில்லை. தம்பிராஜா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான், கொத்தமல்லித் தூள், சீரகத் தூள் என்று ஒவ்வொன்றாக, நர்ஸ் வந்து தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போகிறவரைக்கும்.