ரிட்டர்ன் சார்

“வாங்க, வாங்க! எப்பக் கிளம்பறீங்க?”

கதவைத் திறந்ததும் அவர் வாயில் இதுதான் வரும். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். இது வரவேற்பா வழியனுப்பா என்று புரியாமல், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று விழிப்பார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து, “எல்லாரையும் இப்படித்தான் கேப்பாரு, மனசுல வெச்சுக்காதீங்க, உக்காருங்க” என்று சமாளிப்பதற்குள், விருந்தாளியின் பையை வாங்கிக் கையாலேயே தூக்கி எடை பார்த்து, “நாலு நாளைக்கு மேல இருக்க மாட்டீங்கபோல. நல்லது” என்று சொல்லி முடித்திருப்பார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு ‘ரிட்டர்ன் சார்’ என்று பெயர். நான் எதிர் வீடு. அவருக்கு விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டியை எடை போட்டு, அதன் கைப்பிடியில் பட்டை கட்டி, கையில் போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுண்ட்டரில் வேலை. நீலக் கோட்டு, கோட்டுக்குப் பொருந்தாத டை, அந்த டையைச் சட்டையோடு கடித்துப் பிடித்திருக்கும் ஒரு கிளிப். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா?” அது நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாண வீட்டில் கேட்பார், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் கேட்பார். நோயாளியிடமே ஒருமுறை கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்விக்கு நான் தனிப்பட்ட முறையில் கடமைப்பட்டிருக்கிறேன். என் மைத்துனர் ‘ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன்’ என்று வந்தவர், என் சாய்வு நாற்காலியைப் பிடித்தவர், பிடித்த பிடியை விடவில்லை. என் மனைவியின் தம்பியிடம் நான் எப்படிக் கேட்பது? மாடிப்படியில் எதிர்ப்பட்ட ரிட்டர்ன் சார் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மைத்துனர் பெட்டி கட்டினார். அன்று முதல் ரிட்டர்ன் சார் மேல் எனக்குத் தனி மரியாதை, என் மனைவிக்குத் தனிக் கோபம்.

விருந்தாளிகளின் பெட்டிக்கு அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பெட்டி ஹாலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். “பெட்டி ஹால்ல இருந்தா விருந்தாளி. உள் ரூமுக்குப் போயிட்டா வீட்டாளு. அப்புறம் நகர மாட்டாங்க.” விமானத்தில் வந்த பெட்டியானால் கைப்பிடியில் கட்டிய பட்டையை அவிழ்க்கவும் கூடாது. மறுபடி போகும்போதுதானே புதுப் பட்டை கட்டுவார்கள், அதுவரை இது இருக்கட்டும் என்பார். யாராவது பொறுமையிழந்து பல்லால் கடித்தால் அவருக்குத் தாங்காது. “ஐயையோ, கடிக்காதீங்க! அது பேப்பர் இல்ல, பல்லுதான் போகும். கத்தரிக்கோல் எடுங்க. படிச்சவங்க செய்யற வேலையா இது?”

ஒரே ஒரு முறை நான் வெளிநாடு போனேன். அவருடைய வரிசையிலேயே போய் நின்றேன், எதிர் வீட்டுச் சலுகை ஏதாவது கிடைக்காதா என்ற நப்பாசையில். எனக்கு முன்னால் ஓர் அம்மாள். மகளுக்குப் பிரசவம் என்று போகிறார். கையில் போகிற டிக்கெட் மட்டும்.

“ரிட்டர்ன் டிக்கெட் இருக்காம்மா?”

“குழந்தை எப்பப் பொறக்கும்னே தெரியாது. எந்தத் தேதிக்குப்பா டிக்கெட் எடுக்கறது?”

“குழந்தை எப்ப வேணா பொறக்கட்டும்மா. நீங்க எப்பத் திரும்புவீங்கன்னு அந்த நாட்டுக்குத் தெரியணும். கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

‘கொஞ்சம் ஓரமா நில்லுங்க’ என்பதை அவர் சொல்லும் அழகே தனி. கோபம் கிடையாது, இரக்கமும் கிடையாது. இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பார்வையை அடுத்தவர் மேல் வைத்துவிடுவார். ஓரமாக நின்றவர்கள் யாருக்கெல்லாமோ போன் செய்வார்கள், அழுவார்கள், கடைசியில் டிக்கெட் விற்கும் ஜன்னலுக்குப் போவார்கள். அந்த அம்மாளும் போனார். அடுத்தது நான்.

“ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா?”

“என்ன சார், எதிர் வீடு. நான் திரும்பி வராம எங்க போவேன்?”

“அது எனக்குத் தெரியும் சார். சிஸ்டத்துக்குத் தெரியாதே.”

ஊர் திரும்பியதும் அவரிடம் சண்டைக்கே போனேன். பொறுமையாக விளக்கினார். சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று போகிறவனை அந்த நாட்டு அதிகாரி வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினால், அவனைச் சுமந்துகொண்டு வருவது விமானக் கம்பெனியின் தலையில் விழும். அபராதம் வேறு. அதனால்தான் கேட்கிறார்கள். சரி, பல பேர் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்து, காட்டி, உள்ளே போனதும் ரத்து செய்துவிடுகிறார்களாமே? “செய்வாங்க. எனக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும், அந்த நாட்டுக்கும் தெரியும். ஆனா என் கவுண்ட்டர்ல நிக்கறப்ப இருந்துச்சா? இருந்துச்சு. அது போதும்.” பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, பார்வைக்கு இருக்க வேண்டும். உலகத்தின் பாதி இந்தக் கொள்கையில்தான் ஓடுகிறது. அவர் ஒருவரைச் சொல்லி என்ன பயன்?

அவருக்கு ஒரே மகள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தார். பார்த்து வைத்தது அவருடைய அக்கா. கல்யாணம் முடிந்து அவர்கள் கிளம்பிய நாளில், விடுப்பு எடுக்க வேண்டிய மனிதர் அந்த நேரத்து வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தன் கவுண்ட்டரில் தானே மகளின் பெட்டியை எடை போட்டு, தானே பட்டை கட்டினார். பழக்கதோஷத்தில், “ரிட்டர்ன் டிக்கெட்?” என்று கேட்டும்விட்டாராம். “இவளுக்கு எதுக்கு மாமா ரிட்டர்ன்?” என்று மாப்பிள்ளை சிரித்தாராம். இவரும் சிரித்தார். அன்று மாலை வீடு வீடாக இனிப்பு கொடுத்தபோது இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். “குடியிருப்பு விசா சார். ரிட்டர்ன் டிக்கெட்டே வேண்டாம். ஒன் வே!” அந்த ‘ஒன் வே’யை அவர் சொன்ன தோரணையில், மகள் ஏதோ தங்கப் பதக்கம் வாங்கியதுபோல் இருந்தது.

அந்த மகள் ஒருநாள் காலை, யாரும் எதிர்பார்க்காமல், அதே பெட்டியை இழுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். நான் என் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவர் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தார். மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. அவர் கேட்கவில்லை. “வா” என்றார். அவ்வளவுதான். பெட்டியை வாங்கிச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் கேட்காவிட்டால் என்ன, கேட்கத்தான் நாங்கள் இருக்கிறோமே! கீழ் வீட்டு டெய்லர் கேட்டார். சங்கச் செயலாளர், தண்ணீர் மோட்டார் விஷயமாகப் பேச வந்ததுபோல் வந்து கேட்டார். “லீவுக்கா வந்திருக்கே? மாப்பிள்ளை எப்ப வர்றாரு? எப்பம்மா திரும்பறே?” இத்தனை வருஷமாக அவர் எல்லாரையும் கேட்ட கேள்வி ஒட்டுமொத்தமாக அவர் வாசலுக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பெண் பால் வாங்கப் போனாலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு பால் வாங்கவும் வருவதில்லை.

விஷயத்தை அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லி அழுதார். மாப்பிள்ளை கல்யாணமான மாதமே அவள் பாஸ்போர்ட்டை வாங்கி ஆபீசில் வைத்துப் பூட்டிவிட்டாராம். வேலைக்குப் போகும்போது வீட்டையும் வெளியே பூட்டிக்கொண்டு போவாராம். எதிர்த்துக் கேட்ட ஒருநாள் கை நீட்டியிருக்கிறார், பிறகு கேட்காத நாளிலும். விசாவைப் புதுப்பிக்கக் கைரேகை வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு நாள் பாஸ்போர்ட் அவள் கைக்கு வந்தது. மாப்பிள்ளை ஆபீசுக்குப் போன நேரம் பார்த்து, இன்னொரு சாவி வைத்திருந்த, வீட்டைப் பெருக்க வருகிற பெண்மணியைக் கதவைத் திறக்கச் சொல்லி, கை வளையலை விற்று டிக்கெட் எடுத்து வந்துவிட்டாள். அதுவும் ஒன் வேதான்.

இதெல்லாம் ரிட்டர்ன் சாருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. பெட்டியும் ஹாலை விட்டு நகரவில்லை. மனைவி அதை உள்ளே எடுத்துப் போகக் குனிந்தபோது, “இருக்கட்டும்” என்றாராம். பெண் தினமும் ஹாலில் குந்தி, பெட்டியின் ஜிப்பைத் திறந்து, ஒரு துணியை எடுத்துக்கொண்டு, மறுபடி இழுத்து மூடுவாள். கைப்பிடியில் அந்த வெள்ளைப் பட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். திறந்திருக்கும் கதவு வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பெண்ணை விருந்தாளியாக வைத்திருக்கும் மனிதனுக்கு என்ன வணக்கம் வேண்டிக் கிடக்கிறது? மாடிப்படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. டையைக்கூடக் கோணலாகக் கட்டிக்கொண்டு போனார்.

ஒருநாள் மாலை அவருடைய அக்கா வந்தார். அவர் அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அக்கா வாசலிலேயே, “நான் இன்னிக்கே போயிடுவேன், கேக்காதே!” என்று அவர் வாயை அடைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். என்னைப் பார்த்து, “நீங்களும் வாங்க தம்பி. பத்திரிகைக்கெல்லாம் எழுதறவரு, நாலு நியாயம் தெரிஞ்சவரு” என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தார். எனக்கு வேடிக்கை பார்க்கக் கசக்குமா? போனேன்.

அக்கா பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உள் ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் பெண்ணும் நின்றார்கள்.

“மாப்பிள்ளை தங்கமான பையன்டா. இவ சொல்லாமக் கொள்ளாம ஓடி வந்திருக்கா, அவன் ஒரு வார்த்தை கோவமாப் பேசல. ‘நடந்தது நடந்துபோச்சு, அனுப்பி வைங்க பெரியம்மா’ங்கறான். டிக்கெட்டும் அவனே போட்டு எனக்கு அனுப்பிட்டான். வர்ற வெள்ளிக்கிழமை. உங்க கம்பெனி பிளேன்தான். போன தடவை மாதிரி நீயே ஏத்தி விட்டுடு.”

போனை நீட்டினார். ரிட்டர்ன் சார் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கவுண்ட்டரில் பார்ப்பதுபோலவே பார்த்தார். பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். தேதியைப் பார்த்தார். விரலால் கீழே தள்ளினார், மேலே தள்ளினார், மறுபடி கீழே தள்ளினார். பெண் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில், வரிசையில் தன் முறை வந்துவிட்டவர்களின் களை இருந்தது. எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல ஆகிவிட்டது.

“இதுல ரிட்டர்ன் எங்கக்கா?”

“என்னது?”

“போற டிக்கெட் மட்டும்தான் இருக்கு. திரும்பி வர்றது எங்க?”

“அவளுக்கு எதுக்குடா ரிட்டர்ன்? அங்கதான் விசா இருக்கே. நீதானேடா ஊர் பூரா இனிப்பு குடுத்துச் சொன்னே?”

“சொன்னேன்.”

“அப்புறம் என்ன?”

“ரிட்டர்ன் இல்லாம ஏத்த முடியாது.”

“அப்படி ரூல் இல்லன்னு நீதானே சொன்னே!”

“இல்லதான். என் கவுண்ட்டர்ல இருக்கு.”

அக்கா என்னைப் பார்த்தார். நியாயம் தெரிந்தவன் தரையைப் பார்த்தேன். “இதெல்லாம் ஒரு பேச்சா? பொண்ணோட வாழ்க்கைடா இது! நாளைக்கு நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவே?” என்று அக்கா குரலை உயர்த்தினார். அவர் போனை இரண்டு கையாலும் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

“கொஞ்சம் ஓரமா உக்காருங்கக்கா.”

என்ன ஏது என்று புரியாமலேயே அக்கா நாற்காலியை நகர்த்திக்கொண்டார். அவர் பெட்டிக்கு முன்னால் போய், அந்த நீலக் கோட்டோடேயே தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். கைப்பிடியில் இருந்த பட்டையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் முறுக்கி இழுத்தார். அப்போதும் வரவில்லை. “இருங்கப்பா, கத்தரிக்கோல் எடுத்துட்டு வரேன்” என்று பெண் உள்ளே ஓடினாள்.

அவர் காத்திருக்கவில்லை. கிளிப்பைக் கழற்றி, டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, குனிந்து, பட்டையைக் கடைவாயில் வைத்துக் கடிக்கத் தொடங்கினார்.