மைக்கில் விட்ட மூச்சு

குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் இசக்கிசெல்வியிடம், ஞானஸ்நானம் எடுத்த அன்று பேரை மாற்றிக்கொள்ளச் சொன்னார் பாஸ்டர். "ஏன் அய்யா, இயேசுவுக்கு இந்தப் பேரு வாயில நுழையாதாக்கும்?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்படிப்பட்ட வாய்.

அவள் சபைக்கு வந்ததே மூச்சுக்காகத்தான். அதில் ஒளிவுமறைவு கிடையாது. வீசிங் வந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவளுக்கு, பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜெபக்கூட்டத்தோடு அது நின்றது. அதிலிருந்து, சுகம் பெற்றதைச் சபைக்கு முன் சொல்லும் ஆகஸ்ட் மாதச் சாட்சி ஞாயிறு என்றால் முதல் ஆள் அவள்தான். மேடையேறி, மைக்கை வாயருகே பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுக் காட்டுவாள். சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்று முழங்கும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

இந்த வருடம் சாரல் தொடங்கிய இரண்டாம் வாரம் வீசிங் திரும்பி வந்தது. இன்ஹேலர் வாங்கிக் காலி சிப்ஸ் டப்பாவில் ஒளித்து வைத்தாள். கடையில் கூட நிற்கும் நாத்தனார் மாடத்தி அதைக் கண்டுபிடிக்க நாலு நாள்கூட ஆகவில்லை.

"மதினி, சுகம் தந்தாருன்னுதான அங்க போனிய? தந்தத வாங்கிக்கிட்டாருல்லா. பெறவும் விடியக்காலம் எதுக்கு முழங்கால் போடுதிய?"

மாடத்தி குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதனால்தான் உறைத்தது. இசக்கிசெல்வி நேந்திரங்காயை எண்ணெயில் சீவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் தான் நம்பியது இயேசுவையா, தன் மூச்சையா? பாவம், அந்தக் கேள்வி இரண்டு மாதம் அவளைப் படாதபாடு படுத்தியது.

சாட்சி ஞாயிறு வந்தது. உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆனால் உடம்பு சரியில்லை என்பதுதானே சங்கதி! போனாள். மாடத்தியும் கூடவே வந்து, பையில் இன்ஹேலரோடு வாசலில் நின்றுகொண்டாள்.

இசக்கிசெல்வி மைக்கைப் பிடித்து இழுத்த மூச்சு பாதியிலேயே விசிலடித்தது. ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தவர்கள் அப்படியே நிறுத்திக்கொண்டார்கள்.

"கேட்டுதா? திரும்ப வந்துட்டு. ரெண்டு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன். பெறவும் எதுக்கு முழங்கால் போடுதியன்னு மாடத்தி கேட்டா. யோசிச்சுப் பாத்தேன். மொத ஒரு வாரம் மூச்சத் தாங்கன்னு கேட்டேன். அப்புறம் கேக்க மறந்துட்டேன். முழங்கால் போட மட்டும் மறக்கல. கடைக்கதை, மழைக்கதைன்னு அவருகிட்ட பேசிக்கிட்டு கெடக்கேன். வேற எங்கன போவேன்?"

பாஸ்டர் எந்தப் பாட்டைத் தொடங்குவது என்று தெரியாமல் விழித்தார். மாடத்தி விறுவிறுவென்று உள்ளே நடந்துபோய் இன்ஹேலரை நீட்டினாள். எல்லாரும் பார்க்கவே இசக்கிசெல்வி இரண்டு இழுப்பு இழுத்தாள்.

ஆராதனை முடிந்து இருவரும் வெளியே வரும்போது, கீபோர்டு வாசிக்கும் கிங்ஸ்லி பின்னாலேயே ஓடி வந்தான். சர்க்கரை நோய் போய்விட்டது என்று போன வருடம் சாட்சி சொன்னவன்.

"அக்கா, எனக்கும் சுகர் திரும்பிட்டு. யார்ட்டயும் சொல்லல."

"மாத்திரை போடுதியா?"

"இல்லக்கா. போட்டா விசுவாசம் இல்லன்னு சொல்லுவாங்கல்லா?"

இசக்கிசெல்விக்குக் கோபம் வந்தது. அவனைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. அவனுக்கும் இரண்டு மாதம் ஆகியிருக்குமோ, ஒரு வருடமே ஆகியிருக்குமோ!

"ஏலே, மொதல்ல வீட்டுக்குப் போயி மாத்திரையப் போடு. போட்டுட்டு முழங்காலப் போடு. அவரு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு."