பெரிய காரின் காலிப்பர்

எங்கள் பனியன் கம்பெனி ஒற்றை ஆர்டரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். என் பழைய காரோ, பிரேக்கை மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். முதலிபாளையத்து மெக்கானிக், பெரிய மாடல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பிரேக் காலிப்பரையும், அது கவ்விப் பிடிக்கும் டிஸ்கையும் முன்சக்கரங்களில் மாட்டித் தந்தார். கால் வைத்ததும் வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. இந்த உலகத்தில் இது ஒன்றாவது என் பேச்சைக் கேட்கிறதே என்று இருந்தது.

அந்த வாரமே பல்லடம் ரோட்டில், அந்த ஆர்டருக்குச் சாயம் போட்ட துணியோடு வேன் பின்னால் வர, நான் காரில் முன்னால் போனேன். குறுக்கே ஒரு பஸ் திரும்பியது. நான் நின்றுவிட்டேன். வேன் நிற்கவில்லை. என் டிக்கி பின்சீட்டு வரை நசுங்கியது. வேனிலிருந்த துணி ரோல் அத்தனையும் உருண்டு சாக்கடையில் விழுந்தது. கம்பெனி இனி எழுந்திருக்காது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

"ஏப்பா, இடம் உட்டு வரத் தெரியாதா?" என்று வேன் டிரைவரிடம் கத்தினேன்.

அவன் சொன்னான்: "லேட்டானா ஷிப்மென்ட் போயிரும், என் காரை ஒட்டியே வாப்பான்னு நீங்கதானுங்க சொன்னீங்க."